விமானக் கம்பெனி கை மாறினால் சிப்பந்திகளின் கதி என்ன?

2022-ம் வருஷம் ஜனவரி மாதம் 27-ந் தேதி ஏர் இந்தியா கம்பெனி ஸர்க்கார் வசத்திலிருந்து டாட்டா வீட்டார் வசம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் ஸ்தாபித்து, 1953-ம் வருஷத்தில் தேசத்தின் உடைமையாக்கப்பட்ட அந்த ஸ்தாபனம், ஏறக்குறைய 69 வருஷங்கள் கழித்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. அந்தச் சமயத்தில் பத்திரிகைகள் யாவும் கிரயத் தொகையைப் பற்றியும் கடனைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதின. விற்றது சரியே என்று ஒரு சாராரும், தேசத்தின் சொத்தைக் கை நழுவ விட்டோம் என்று மற்றொரு சாராரும் வாதாடினார்கள். அந்த வாதத்துக்குள் நாம் இன்று புகப் போவதில்லை. கிரயப் பேச்சில் ஒரே ஒரு ஷரத்தாக மாத்திரம் இடம் பெற்ற விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கம்பெனியில் அன்று வேலை பார்த்து வந்த 12,085 பேர்களின் விஷயமே அது. அவர்களில் 8,084 பேர் நிரந்தரச் சிப்பந்திகள். 4,001 பேர் ஒப்பந்தச் சிப்பந்திகள்.

கிரயக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லி விடுவோம். 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாத முடிவில் கம்பெனியின் கடன் 61,562 கோடி ரூபாய். நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 20 கோடி ரூபாய் நஷ்டம் என்று ஸர்க்காரே ஒப்புக்கொண்டது. டாட்டா வீட்டார் கேட்ட விலை 18,000 கோடி. அதில் ரொக்கமாகக் கொடுத்தது 2,700 கோடி. மீதி 15,300 கோடிக்குக் கடனை ஏற்றுக்கொண்டார்கள். எஞ்சிய 46,262 கோடிக் கடன் ஸர்க்காரின் வேறொரு கம்பெனியின் தலையில், அதாவது நமது வாசகர்கள் உள்ளிட்ட வரி கொடுப்போர் தலையில், ஏற்றப்பட்டது. சிப்பந்திகளைப் பற்றிய ஷரத்து இதுதான்: ஒரு வருஷ காலத்துக்கு எவரையும் நீக்கலாகாது, அதற்குப் பின் நீக்குவதானால் விருப்ப ஓய்வுக்கு முதலில் இடம் கொடுக்க வேண்டும். ஒரு வருஷம்! இருபது, முப்பது வருஷம் உழைத்தவனுக்குக் கிடைத்த பாதுகாப்பு பன்னிரண்டு மாதம்.

இதை முன் நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். 1932-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஸ்ரீ ஜே. ஆர். டி. டாட்டா ஒற்றை எஞ்சின் விமானத்தில் கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டைகளைக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கிருந்து அத்தபாலைப் பல்லாரி வழியாக நமது சென்னைக்குக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளியான நெவில் வின்ஸெண்ட். அந்நாளில் அந்தக் கம்பெனியின் விமானிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். யுத்தம் முடிந்ததும் மலிவாகக் கிடைத்த டகோட்டா விமானங்களை வாங்கிப் பலர் கம்பெனி தொடங்கினார்கள். பிரயாணிகள் போதவில்லை, கம்பெனிகள் தள்ளாடின. 1953-ம் வருஷத்தில் பார்லிமெண்டு சட்டம் செய்து, உள்நாட்டில் பறந்த எட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பொரேஷன் என்றும், வெளிநாட்டுக்குப் பறந்ததை ஏர் இந்தியா இண்டர்நேஷனல் கார்ப்பொரேஷன் என்றும் அமைத்தது.

அந்தச் சட்டத்தில் சிப்பந்திகளுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. 1952-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதிக்கு முன்னர் வேலைக்கு வந்து, மாறுதல் நாளன்றும் வேலையில் இருப்பவர் யாவரும் கார்ப்பொரேஷனின் சிப்பந்திகளாவர்; அதே உத்தியோகக் காலம், அதே சம்பளம், அதே நிபந்தனைகள் அவர்களுக்குத் தொடரும்; கார்ப்பொரேஷன் முறைப்படி மாற்றும் வரையில் அவை மாறா என்பது அதன் ஸாரம். ‘முறைப்படி மாற்றும் வரையில்’ என்ற சொற்களில் சந்து இருக்கத்தான் செய்கிறது. என்றாலும் அது தேசத்தின் சட்டப் புத்தகத்தில் ஏறிய வாக்கு. 2021-ம் வருஷத்திய வாக்கோ வாங்குபவரும் விற்பவரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அடங்கியது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் சிப்பந்தி ஒருவனும் இல்லை.

வேலை போகாமல் இருந்தால் போதாதா, சம்பளம் வந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். விமானியின் தொழிலை அறியாதவர்கள் கேட்கும் கேள்வி இது. வக்கீல் ஊர் மாறினாலும் அவருடைய பெயரும் கட்சிக்காரர்களின் நம்பிக்கையும் அவரோடு வரும். வைத்தியருக்கும் அப்படியே. விமானிக்கோ அவனுடைய ஆஸ்தி முழுவதும் ஒரே ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது. கம்பெனியின் ஸீனியாரிட்டி ஜாபிதாவில் அவன் பெயருக்கு எதிரே உள்ள எண்தான் அது. எந்த விமானத்தை ஓட்டுவது, துணை விமானியாக இருப்பவன் என்றைக்குக் கேப்டன் ஆவது, லண்டனுக்குப் போவதா, லக்னோவுக்குப் போவதா, தீபாவளிக்கு லீவு கிடைக்குமா, ஆள் குறைப்பு வந்தால் முதலில் வெளியே போகிறவன் யார் என்பவையெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தவை. ஒரு கம்பெனியை விட்டு மற்றொன்றுக்குப் போகிறவன் அநேகமாக அந்த ஜாபிதாவின் அடியில் போய் நிற்க வேண்டியதுதான். இருபதாயிரம் மணி நேரம் பறந்த அநுபவம் அவனுக்கு இருக்கலாம். ஜாபிதா அதைக் கேட்பதில்லை. மேலும் ஒருவகை விமானத்துக்குப் பெற்ற லைஸென்ஸ் மற்றொரு வகைக்குச் செல்லாது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். போதாக்குறைக்கு, ராஜினாமா கொடுத்த பின்னும் கேப்டன் ஒரு வருஷமும், துணை விமானி ஆறு மாதமும் வேலை செய்து தீர வேண்டும் என்று நமது ஸர்க்காரின் விமானப் போக்குவரத்து இலாகா 2017-ம் வருஷத்தில் விதித்தது. கம்பெனியை ஒரே நாளில் கை மாற்றலாம். அதை விட்டு விலக நினைக்கும் விமானிக்கு ஒரு வருஷம்.

ஆகவே இரண்டு கம்பெனிகள் ஒன்று சேரும்போது எழும் பெருஞ்சண்டை, இரண்டு ஜாபிதாக்களை ஒன்றாக்குவது எப்படி என்பதுதான். அமெரிக்காவில் 2001-ம் வருஷம் நடந்ததை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். திவாலான டிரான்ஸ் வோர்ல்டு ஏர்லைன்ஸ் கம்பெனியை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியது. திவாலான கம்பெனியின் விமானிகள் தங்கள் பழைய ஒப்பந்தத்தில் இருந்த ஸீனியாரிட்டிப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. இல்லையேல் கிரயமே முறியும் என்ற நிர்ப்பந்தம் அவர்களுக்கு. விட்டுக்கொடுத்தார்கள். அவர்கள் ஏறக்குறைய 2,300 பேர். அவர்களில் சுமார் பாதிப் பேரை, வாங்கிய கம்பெனியின் ஜாபிதாவுக்கு அடியில் கொண்டுபோய் ஒட்டிவிட்டார்கள். விமானப் பணிப்பெண்களின் கதி இன்னும் மோசம். ஒருவர் பாக்கியில்லாமல் அனைவரும் அடிக்குப் போனார்கள். அதே வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க்கில் விபரீதம் நடந்தது. விமானத் தொழில் சரிந்தது. ஆள் குறைப்பு தொடங்கியது. குறைப்பு எப்போதும் அடியிலிருந்தே ஆரம்பிக்கும். 2003-ம் வருஷ மத்திக்குள் பழைய கம்பெனியின் பணிப்பெண்கள் அத்தனை பேரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் முப்பது வருஷ ஸர்வீஸ் உள்ளவர்களும் இருந்தனர். அவர்களைக் காட்டிலும் மிகப் புதியவர்கள் வாங்கிய கம்பெனியில் வேலையில் நீடித்தனர். பழைய கம்பெனிக்குத் தலைமை ஸ்தலமான மிஸௌரி ராஜ்யத்தின் ஸெனட்டர்கள் இருவர், எதிரெதிர்க் கட்சியினராக இருந்தும் ஒன்றுகூடி, இரு ஜாபிதாக்களையும் நியாயமாகவும் சமமாகவும் சேர்க்க வேண்டும், ஒத்துவராவிட்டால் மத்தியஸ்தரிடம் போக வேண்டும் என்று 2007-ம் வருஷத்தில் சட்டம் இயற்றச் செய்தனர். அது பின்னால் வந்தவர்களுக்குப் பயன்பட்டது.

நமது தேசத்திலும் அதே 2007-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றாக்கப்பட்டன. இரண்டும் ஸர்க்கார் கம்பெனிகள், முதலாளி ஒருவரே. அப்படியிருந்தும் ஒட்டவில்லை. ஏர் இந்தியா விமானிகள் கடல் கடக்கும் பெரிய விமானங்களை ஓட்டுபவர்கள். கேப்டன் பதவிக்கு நெடுங்காலம் காத்திருப்பவர்கள். இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் உள்நாட்டில் சிறிய விமானங்களில் நாளுக்குப் பலமுறை ஏறி இறங்குபவர்கள்; கேப்டன் பதவி அவர்களுக்குச் சீக்கிரம் வரும், சம்பளத்தில் பறந்த மணிக்குத் தக்க பகுதி அதிகம். பெயர்ப் பலகையை ஒரே நாளில் மாற்றிய நிர்வாகஸ்தர்கள் சம்பள விகிதத்தையும் உயர்வு வரிசையையும் வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டார்கள். 2011-ம் வருஷம் ஏப்ரல் மாதக் கடைசியில் இந்தியன் ஏர்லைன்ஸ் பக்கத்து விமானிகள் சம சம்பளம் கேட்டுப் பத்து நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 2012-ம் வருஷம் மே மாதத்தில் ஏர் இந்தியா பக்கத்து விமானிகளின் முறை வந்தது. புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானத்துக்கு எதிர்க்கட்சி விமானிகளையும் சேர்த்துப் பயிற்சி கொடுப்பதை அவர்கள் ஆட்சேபித்தார்கள். 58 நாள் வேலை நிறுத்தம். சுமார் 100 பேர் வேலை நீக்கம். சங்கத்தின் அங்கீகாரம் ரத்து. தில்லி ஹைகோர்ட் தலையிட்ட பிறகே முடிவு ஏற்பட்டது. நீக்கப்பட்டவர்கள் பின்னர் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள்.

அந்த விமானிகள் கேட்டது முழுதும் நியாயம் என்று நாம் சொல்ல மாட்டோம். நல்ல சம்பளம் வாங்குபவர்கள் தங்களுக்குள் போட்டியிட்டு, ஆயிரக்கணக்கான பிரயாணிகளை நடுவழியில் விட்டது பொதுஜனங்களின் அநுதாபத்தை அவர்களுக்கு எதிராகத் திருப்பியது. தொழிலாளி தொழிலாளியையே எதிர்த்து வேலை நிறுத்தம் செய்யும் காட்சி தொழிற்சங்க இயக்கத்துக்குக் கீர்த்தி தரக்கூடியதல்ல. ஆனால் அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் யார்? முன்னாள் சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஸ்ரீ தர்மாதிகாரியின் தலைமையில் இரு பக்கத்துச் சிப்பந்திகளையும் ஒன்றாக்கும் வழியை ஆராய ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டதே 2011-ம் வருஷத்தில்தான். அதன் அறிக்கை வந்தது 2012-ம் வருஷம் ஜனவரியில். கலியாணம் 2007-ல், ஜாதகப் பொருத்தம் பார்த்தது 2012-ல்! முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தார்கள்.

2022-ம் வருஷத்துக்கு மீண்டும் வருவோம். கம்பெனி கை மாறிய சில மாதங்களுக்குள், ஜூன் மாதத்தில், விருப்ப ஓய்வுத் திட்டம் வெளியாயிற்று. 55 வயதும் 20 வருஷ ஸர்வீஸும் உள்ளவர்கள் போகலாம்; பணிப்பெண்கள், குமாஸ்தாக்கள், கீழ்நிலைச் சிப்பந்திகள் ஆகியோருக்கு மட்டும் வயது வரம்பு 40 ஆகக் குறைக்கப்பட்டது. விமானிகளுக்கு அவ்வளவு தாராளமாகக் கதவு திறக்கப்படவில்லை. காரணம் வெளிப்படை. விமானி கிடைப்பது அரிது. நாற்பது வயதுக் குமாஸ்தாவை விட்டால் மற்றொருவர் கிடைப்பார். ‘விருப்பம்’ என்ற சொல்லுக்கு இத்தனை படிகள் உண்டு என்பதை அந்தச் சுற்றறிக்கையைப் படித்தவர்கள் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

சிப்பந்திகளுக்கு நன்மை ஒன்றுமே வரவில்லை என்று சொல்வதும் தவறு. கம்பெனியின் சொந்த டிரஸ்டில் இருந்த பிராவிடெண்ட் பண்டு, மத்திய ஸ்தாபனத்துக்கு மாற்றப்பட்டது. முன்னே சம்பளத்தில் நூற்றுக்குப் 10 வீதம் முதலாளி கட்டியது. மாறிய பின் 12 வீதம். ஓய்வு பெற்றவர்களின் வைத்திய சகாயத்தை மத்திய ஸர்க்கார் தனது வைத்தியத் திட்டத்தில் ஏற்றது.

வீடு விஷயம் வேறு. பம்பாயில் கலீனாவிலும், தில்லியில் வஸந்த் விஹாரிலும் கம்பெனிச் சிப்பந்திகளுக்குக் குடியிருப்புக் காலனிகள் இருந்தன. மெக்கானிக்கும் குமாஸ்தாவும் பட்டணத்தின் நடுவே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக் குடித்தனம் செய்ய முடிந்தது அந்தக் காலனிகளால்தான். கிரயத்தில் அந்த வீடுகள் சேரவில்லை. ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டுமென்று உத்தரவாயிற்று. சங்கங்கள் நியாயஸ்தலம் ஏறின. சிறிது அவகாசம் கிடைத்தது. ஒருவர் பின் ஒருவராகக் காலி செய்தார்கள். பம்பாய்க் காலனியில் கட்டிடங்களை இடிக்கும் வேலை 2024-ம் வருஷத்தில் தொடங்கியபோதும் அங்கே சில குடும்பங்கள் இருந்தன. சம்பளச் சீட்டில் ஒரு காசு குறையாமலே ஒருவனுடைய வாழ்க்கையில் பாதியை எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

சம்பளத்திலும் பிறகு மாறுதல் வந்தது. விமானி மாதத்தில் எத்தனை மணி பறந்தாலும், இத்தனை மணிக்கு நிச்சயம் சம்பளம் உண்டு என்பது வழக்கம். அந்த நிச்சய மணி 70 ஆக இருந்தது. 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதத்துப் புதிய ஏற்பாட்டில் 40 ஆயிற்று. நாற்பதுக்கு மேற்பட்டதெல்லாம் பறந்தால்தான் பணம். நோயில் கிடந்தாலும், பயிற்சியில் இருந்தாலும், விமானம் ரிப்பேரில் நின்றாலும் நஷ்டம் விமானியுடையது. ஒரு காலத்தில் ஒருவரை எதிர்த்து ஒருவர் வேலை நிறுத்தம் செய்த அந்த இரண்டு விமானிச் சங்கங்களும் இப்போது ஒன்று சேர்ந்து அதை நிராகரித்தன. 1,500-க்கு மேற்பட்ட விமானிகள் ஸ்ரீ ரத்தன் டாட்டாவுக்கே மகஜர் அனுப்பினார்கள். 2007-ம் வருஷத்திய இணைப்பு சாதிக்காத ஐக்கியத்தை இந்தச் சம்பள விகிதம் சாதித்தது! என்றாலும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கும் முறையின் முன்னே மகஜர்களுக்குப் பலம் குறைவு. ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது.

அதே ஏற்பாட்டை டாட்டா வீட்டாரும் ஸிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து நடத்திய விஸ்தாரா கம்பெனிக்கும் கொண்டுபோனார்கள். அந்தக் கம்பெனி ஏர் இந்தியாவில் சேருவதென்று 2022-ம் வருஷம் நவம்பரில் முடிவாகியிருந்தது. 2024-ம் வருஷம் மார்ச்சு கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் அங்கே விமானிகள் பலர் ஒரே சமயத்தில் வேலைக்கு வரவில்லை. கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை, உடம்பு சரியில்லை என்றார்கள். விமானங்கள் ரத்தாயின. கடைசியில் கம்பெனியே நாளொன்றுக்கு 25 முதல் 30 விமானங்களைக் குறைத்துக்கொண்டது. அடுத்த மாதமே ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கம்பெனியில், அதிலும் மற்றொரு கம்பெனியை இணைக்கும் சமயத்தில், இருநூறுக்கு மேற்பட்ட விமானப் பணியாளர்கள் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். சுமார் 25 பேர் நீக்கப்பட்டனர். பிரதம லேபர் கமிஷனர் இரு தரப்பையும் தில்லியில் உட்கார வைத்துப் பேசியபின், மே மாதம் 9-ந் தேதி நீக்கம் ரத்தாகி அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். சங்கத்தின் மூலம் பேச இடமில்லாதபோது ஜுரம் பேசுகிறது. நிர்வாகஸ்தர்கள் இதை ஒழுங்கீனம் என்கிறார்கள். பிரயாணியும் கோபப்படுகிறான், அவன் கோபம் இயற்கையே. ஆனால் இரண்டு நாட்களில் முடிந்த பேச்சு ஆறு மாதம் முன்னமே நடக்காமல் போனதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

புதிய முதலாளி கம்பெனியை வளர்க்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2023-ம் வருஷம் பிப்ரவரியில் 470 புதிய விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். விமானிகளையும் பணியாளர்களையும் ஏராளமாக எடுத்தார்கள். விமானம் அதிகமானால் கேப்டன் பதவிகளும் அதிகமாகும். இளம் துணை விமானிக்கு இது நல்ல காலம். கம்பெனி மூடப்பட்டிருந்தால் ஜாபிதாவே இருந்திராது என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. வளர்ச்சியின் பலனும் மாறுதலின் சுமையும் ஒரே ஆட்களின் மேல் விழுவதில்லை என்பதைத்தான் நாம் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். முன்னது புதிதாக வருகிறவனுக்கு. பின்னது ஐம்பது வயதைக் கடந்தவனுக்கு.

அப்படிப்பட்டவர்கள் சிலருடைய வழக்கு ஒன்று உண்டு. பழைய ஏர் இந்தியாவில் விமானப் பணியாளர்களாக இருந்தவர்கள், உயர்வும் சம்பளத் திருத்தமும் தங்களுக்கு மறுக்கப்பட்டன என்று சொல்லி 2011-ம் வருஷம் முதற்கொண்டு பம்பாய் ஹைகோர்ட்டில் ரிட் மனுக்கள் போட்டார்கள். அப்போது கம்பெனி ஸர்க்காருடையது; ஆகவே அரசியல் சட்டப்படி அதன் மேல் ரிட் மனு செல்லும். மனுக்கள் வருஷக்கணக்கில் நிலுவையில் கிடந்தன. மனுதாரர்கள் ஓய்வும் பெற்றார்கள். 2022-ம் வருஷம் ஜனவரியில் கம்பெனி கை மாறியது. அதே வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஹைகோர்ட், கம்பெனி இப்போது தனியாருடையது, ஆகவே மனு செல்லாது என்று தீர்ப்புச் சொல்லியது. மனுதாரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். மனு போட்ட நாளில் ஸர்க்காராக இருந்த எதிரி, விசாரணை நாளில் தனியாராக மாறிவிட்டதற்கு நாங்களா பொறுப்பு என்பது அவர்களுடைய வாதம். 2024-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அப்பீலைத் தள்ளி, சட்டப்படி வேறு பரிகாரம் தேடிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு என்று அறிவித்தது. அவர்கள் இனி வேறொரு நியாயஸ்தலத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.